பால்கனித் தச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் இரண்டாம் மாடி. பத்தடிக்கு நாலடி பால்கனி. ஏழு வருஷமாகச் சனி, ஞாயிறுகளில் அங்கேதான் மரவேலை செய்கிறேன். மற்ற ஐந்து நாளும் கம்ப்யூட்டர் முன்னால். வீட்டுக்கு வருகிறவர்களும் ஆபீஸ் கேன்டீனில் எதிரே உட்காருகிறவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன்.

ஆணிகூட நேராக அடிக்கத் தெரியாதவர் எதில் ஆரம்பிக்கலாம்?

பெட்டியில். மூடி வேண்டாம், கீல் வேண்டாம். சாவியும் பர்ஸும் போட்டுவைக்கிற அளவுக்கு 10 அங்குல நீளம், 6 அகலம், 3 உயரம். நாலு பக்கப் பலகை, அடியில் 6 மி.மீ. பிளைவுட். அவ்வளவுதான்.

கேட்க எளிது. கையில் எடுத்தால்தான் அதற்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று தெரியும். நேராக அறுக்க வேண்டும். எதிரெதிர்ப் பலகைகள் ஒரே நீளம் இருக்க வேண்டும்; ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம் மாறினாலே பெட்டி கோணிக்கொள்ளும். பெவிகால் தடவிக் கிளாம்பில் இறுக்கியதும் உள்பக்கம் மூலைக்கு மூலை டேப் வைத்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால் சரி. வரவில்லையென்றால் எந்தக் குறுக்கு நீளமோ அந்த இரண்டு மூலைகளையும் லேசாக அழுத்துங்கள், சேர்ந்துகொள்ளும். பசை ஈரமாக இருக்கும் சில நிமிஷங்களுக்குள் இதைச் செய்துவிட வேண்டும். அப்புறம் பெட்டியை ராத்திரி முழுக்கத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

என் முதல் பெட்டி இன்னும் செருப்பு ஸ்டாண்டு மேல் இருக்கிறது. ஒரு மூலையில் விசிட்டிங் கார்டு நுழையும்.

நேரே மேசை, கட்டில் என்று போனால் என்ன?

போகலாம். நானும் முதலில் டிவி ஸ்டாண்டுதான் செய்யப் போனேன். பாதியில் நின்றது. பலகைகள் எட்டு மாதம் சோபாவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்து, கடைசியில் பெட்டிகளாக மாறின.

அலமாரி என்பது நிற்கவைத்த பெரிய பெட்டி. மேசை டிராயர் மூடியில்லாத பெட்டி. பெட்டியில் தப்பு செய்தால் ஒரு முழம் மரம் வீண். அலமாரியில் செய்தால் ஒரு மாதச் சேமிப்பு வீண். ஆகவே நான் வைத்துக்கொண்ட வழக்கம், ஒரு சாமானுக்கு ஒரு புது வேலை. தெரிந்த வேலைகளோடு தெரியாதது ஒன்றை மட்டும் சேர்ப்பது. முதல் பெட்டியில் முட்டுக்கு முட்டு வைத்துப் பசையும் ஆணியும். இரண்டாவதில் பலகை ஓரத்தில் படி வெட்டி அதில் மற்றதைப் பொருத்துவது. மூன்றாவதில் பள்ளம் ஓட்டி, அதில் இழுத்துத் திறக்கிற மூடி. நாலாவது அம்மாவுக்கு அஞ்சறைப் பெட்டி. அதில் குறுக்குப் பலகைகளைப் பாதி ஆழத்துக்கு வெட்டி ஒன்றில் ஒன்றைக் கோத்துக் கட்டம் போட வேண்டும். ஐந்தாவதில் புறாவால் மூட்டு, அதாவது பலகை முனையைப் புறா வால் போல வெட்டிக் கோப்பது. கீலும் பூட்டும் ஆறாவதில்தான் வந்தன. பித்தளைக் கீலைச் சமமாகப் பதிப்பது மூட்டு வெட்டுவதைவிடப் படுத்தும் என்று அப்போது தெரிந்தது.

ஒரே நேரத்தில் மூன்று புது வேலை வைத்துக்கொண்டால் எது சொதப்பியது என்றே கண்டுபிடிக்க முடியாது.

என்னென்ன கருவி வேண்டும்?

கடைக்காரர் சொல்வதில் மூன்றில் ஒரு பங்கு. மெல்லிய பல் வைத்த ஒரு கைரம்பம் (ஜப்பான் பாணியில் இழுத்து அறுப்பது புதிதாகப் பழகுகிறவருக்கு எளிது). அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டு உளி. பலகையைச் சீவி மட்டமாக்க ஒரு சின்ன இழைப்புளி. மூலை சரியாக 90 டிகிரியா என்று பார்க்கிற மூலைமட்டம், டேப், கூரான பென்சில். உளியைத் தட்ட மரச் சுத்தியல், அதாவது கொட்டாப்புளி. நாலு கிளாம்ப். தீட்டுவதற்குக் கல் அல்லது உப்புத்தாள். டிரில் மெஷின் வீட்டில் ஏற்கெனவே இருக்கும்.

எஸ்.பி. ரோட்டில் இதெல்லாம் கிடைக்கும். உளி என்றே கேளுங்கள், கன்னடத்திலும் அது உளிதான். இழைப்புளி என்றால் சில கடைகளில் முழிப்பார்கள். ரந்தா என்று இந்தியில் சொன்னால் உடனே எடுத்து வைப்பார்கள்.

மூலைமட்டத்தை மட்டும் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். போகப்போக விலகினால் அது பொய் மட்டம். அதை வைத்து ஏழு ஜென்மத்துக்கும் சதுரப் பெட்டி வராது.

புது உளிதான், ஆனாலும் வெட்டவில்லை. ஏன்?

கடையில் வாங்கும் உளி தீட்டாமல்தான் வரும். இதை யாரும் சொல்வதில்லை. மரவேலையை விட்டுவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் மொண்ணை உளியால் போனவர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு கெட்டிக் கண்ணாடித் துண்டு எடுங்கள். தண்ணீர் தெளித்து 400 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள்) அதன்மேல் ஒட்டுங்கள். முதலில் உளியின் தட்டையான முதுகை, முனைப்பக்கம் ஓர் அங்குலத்துக்கு, முழுதாகப் படியவைத்துத் தேயுங்கள். ஒரே மாதிரிக் கீறல் எல்லா இடத்திலும் வரும்வரை. அப்புறம் திருப்பி, சாய்ந்த பக்கத்தை 25 முதல் 30 டிகிரியில் பிடித்துத் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் முதுகுப் பக்கம் விரலை ஓரத்தை நோக்கித் தள்ளினால் மயிரிழை போல ஏதோ சொரசொரக்கும். அதுதான் பிசிறு. முனையின் முழு அகலத்துக்கும் பிசிறு வந்துவிட்டது என்றால், இரண்டு பக்கமும் முனையில் சந்தித்துவிட்டன என்று அர்த்தம். 1000, 2000 என்று மெல்லிய தாளுக்குப் போய், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பத்துத் தடவை பின்பக்கமாக இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

சோதனைக்குப் பைன் மரத்தின் முனையை, நார் அறுபட்டுத் தெரிகிற பக்கத்தைச் சீவிப் பாருங்கள். கூர் இல்லாத உளி அங்கே நாரை நசுக்கி வெள்ளைத் தூளாக்கும். கூரானது மெழுகு போல வழவழப்பாக விட்டுவிட்டுப் போகும். சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

இழைக்கும்போது மரம் பிய்த்துக்கொண்டு வருகிறது.

நார் ஓடும் திசைக்கு எதிராகத் தள்ளுகிறீர்கள். பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். ரேகைகள் எந்தப் பக்கம் மேலேறிப் போகின்றனவோ அந்தப் பக்கமாகத் தள்ள வேண்டும். பூனையைத் தடவுகிற மாதிரிதான். இரண்டு திசையிலும் பிய்ந்தால் பிளேடைத் தீட்டி, வெளியே நீட்டியிருப்பதைக் குறையுங்கள்.

பெங்களூரில் மரம் எங்கே வாங்குவது? ஏமாற்றிவிடுவார்களா?

மைசூர் ரோடு பக்கம் டிம்பர் யார்டு லேஅவுட். அல்சூரிலிருந்து ஊதா நிற மெட்ரோவில் நேராகப் போய்விடலாம். திரும்பும்போது பலகையோடு ஆட்டோதான். பிளைவுட், கீல், கைப்பிடி எல்லாம் லால்பாக் பக்கம் சித்தையா ரோட்டில். டிம்பர் கடை முதலாளிகளில் பலர் கட்ச்சிலிருந்து வந்த பட்டேல் குடும்பத்தினர். நல்ல கன்னடம், தேவைப்பட்டால் தமிழும் பேசுவார்கள். அறுப்பு மெஷினில் நிற்பவரிடம் பேச இந்தி உதவும்.

விலை கன அடிக் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் போய்விடும். 4 அங்குல அகலம், 1 அங்குலக் கனம், 6 அடி நீளமுள்ள பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அங்குலமாக்கிப் பெருக்கினால் 4 x 1 x 72 = 288. ஒரு கன அடி என்பது 1728 கன அங்குலம். வகுத்தால் ஆறில் ஒரு பங்கு. அவர் சொல்லும் கன அடி விலையை ஆறால் வகுத்தால் அந்தப் பலகையின் விலை. நாலு சின்னப் பெட்டிகளுக்கு அரை கன அடி தாராளம். இவ்வளவு குறைவாக வாங்குகிறவரைச் சில கடைகளில் கண்டுகொள்ள மாட்டார்கள். உடைந்த துண்டு, கழிவுத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டிக்கு அது போதும், விலையும் குறையும்.

ஏமாற்றுவது பற்றி: என்னை ஒரு கடையில் ஏமாற்றியது விலையில் இல்லை, ஈரத்தில். "நல்லா காஞ்ச மரம் சார்" என்று கொடுத்தது மூன்று வாரத்தில் அப்பளமாக வளைந்தது. இப்போதெல்லாம் வாங்கி வந்த பலகையிலிருந்து ஒரு சாண் துண்டு வெட்டிச் சமையலறைத் தராசில் வைக்கிறேன். எடையைப் பென்சிலால் துண்டிலேயே எழுதுவேன். வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பேன். எடை குறைவது நின்ற பிறகுதான் ரம்பம். மழைக்காலத்தில் இரண்டு மாதம்கூட ஆகியிருக்கிறது.

எந்த மரம் நல்லது?

பழகுவதற்குச் சில்வர் ஓக். பூர்வீகம் ஆஸ்திரேலியா, ஆனால் குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்ப்பது. மிளகுக்கொடி ஏறி நிற்குமே, அந்த மரம். மலிவு, அறுக்க எளிது, சில பலகைகளில் மீன் செதில் போலப் பளபளக்கும் புள்ளிகள் வரும். கேரளத்து ரப்பர் மரத்தைத் துண்டு துண்டாக ஒட்டிப் பலகையாக விற்கிறார்கள். வளையாது, ஆனால் ஈரம் பட்டால் ஆகாது. பைன் மென்மையானது, நகம் பட்டாலே பள்ளம் விழும். தேக்கு அருமையான மரம்தான். ஆனால் அந்த விலையில் வாங்கினால் அறுக்கக் கை வராது.

பேக்கிங் கட்டைகளைப் பயன்படுத்தலாமா?

இலவச மரம் எல்லாருக்கும் ஆசைதான். வெளிநாட்டுச் சரக்கோடு வந்த கட்டையில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை இருக்கும். அதில் ஹெச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பூச்சியைக் கொல்லச் சூடு காட்டிய மரம். உள்மையம்வரை 56 டிகிரியில் 30 நிமிஷம். அது பரவாயில்லை. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். எண்ணெய்க் கறை உள்ளதையும், எதுவுமே எழுதாததையும் சமையலறைச் சாமானுக்கு நான் தொடுவதில்லை.

புறாவால் மூட்டு கஷ்டமா?

கஷ்டம் என்ற பெயர்தான் பெரிசு. முதலில் பெயரைப் பார்ப்போம். ஒரு பலகையின் முனையில் விரிந்த புறா வால் போல வெட்டி, மற்றதில் அதே வடிவத்துக்குப் பள்ளம் எடுத்துக் கோப்பது. மேலிருந்து இறக்கினால் இறங்கும், பக்கவாட்டில் இழுத்தால் வராது. அதனால்தான் இழுத்து இழுத்துத் திறக்கும் டிராயருக்கு இதைப் போடுகிறார்கள். மரத்தின் வெட்டுமுனையில் பசை சரியாகப் பிடிக்காது, உறிஞ்சிக்கொண்டுவிடும். வால் வெட்டினால் பக்கவாட்டு நாரோடு பக்கவாட்டு நார் ஒட்டப் பரப்பு கிடைக்கிறது.

வாலின் சாய்வு மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று (ஆறு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு பக்கவாட்டில் விலகுவது), கடினமரத்துக்கு எட்டுக்கு ஒன்று. வால்களை முதலில் வெட்டுங்கள். வெட்டிய வாலையே இரண்டாவது பலகையின் முனைமேல் வைத்து, பென்சிலால் அல்ல, கத்தி முனையால் வரையுங்கள். இங்கே டேப்புக்கு வேலையே கிடையாது. வால் கோணலாக வந்திருந்தாலும் பள்ளமும் அதே கோணலில் வரும், பொருந்திவிடும். பிறகு ரம்பத்தைக் கோட்டின் கழிவுப் பக்கம் வையுங்கள். கோடு மரத்திலேயே தங்க வேண்டும். கோட்டின்மேல் அறுத்தால் ரம்பத்தின் கனம் அளவுக்கு இடைவெளி விழும். நான் முதல் பத்து மூட்டுகளில் செய்த தப்பு இது ஒன்றுதான்.

பெட்டி செய்வதற்கு முன் இரண்டு துண்டுகளில் தினம் ஒரு மூட்டு என்று பத்து நாள் வெட்டிப் பாருங்கள். முதல் நாள் வெட்டியதையும் பத்தாம் நாள் வெட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

மார்ச்சில் சரியாக மூடிய பெட்டி ஆகஸ்டில் மூடவில்லையே?

மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து அகலத்தில் வீங்கும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் வறட்சி. ஜூன் முதல் அக்டோபர்வரை ஈரம். ஓரடி அகலப் பலகை இந்த இரண்டுக்கும் நடுவே 2, 3 மி.மீ. அகலம் மாறும்.

என் அக்கா மகளின் கல்யாணத்துக்குச் செய்த வளையல் பெட்டியில், மூடியைச் சுற்றி நாலு பக்கமும் சட்டம் போட்டு இறுக ஒட்டிவிட்டேன். கல்யாணம் மாசியில். ஆவணியில் ஓசூரிலிருந்து போன்: "மாமா, ராத்திரி பட்டுன்னு ஒரு சத்தம், சட்டம் விட்டுப்போச்சு." வீங்கிய பலகைக்குப் போக இடமில்லை, சட்டத்தைத் தள்ளிவிட்டது. பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் பசையில்லாமல் சும்மா உட்காரவைத்திருந்தால் அது பாட்டுக்கு அசைந்துகொண்டிருக்கும். பழைய வீட்டுக் கதவுகளில் நடுப்பலகையைக் கையால் அழுத்தினால் லேசாக ஆடுமே, காரணம் இதுதான். ஆசாரி சரியாகத்தான் செய்திருக்கிறார்.

பிளைவுட்டில் செய்வது கௌரவக் குறைச்சலா?

இல்லை. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் மேலே சொன்ன வீக்கம் அதில் கிடையாது. சாதாரண இடத்துக்கு ஐ.எஸ். 303, தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள்.

பிளைவுட்டில் நான் செய்ததில் பிடித்தது கொலுப்படி. 24 அங்குல நீளம், 10 அகலம், 8 உயரத்தில் ஆறு பெட்டிகள், எல்லாம் ஒரே அளவு. பின்வரிசையில் மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக, அதற்கு முன்னால் இரண்டு, அதற்கும் முன்னால் ஒன்று. மூன்று படி வந்துவிட்டது. மேலே வேட்டி விரித்தால் பெட்டி என்று தெரியாது. நவராத்திரி முடிந்ததும் பொம்மைகளை அந்தப் பெட்டிகளிலேயே துணி சுற்றி வைத்துக் கட்டிலடியில் தள்ளிவிடலாம். 12 மி.மீ. தாள், எட்டுக்கு நாலு அளவில் இரண்டு வேண்டியிருந்தது; மீதியில் செருப்பு ஸ்டாண்டு வந்தது. ஐந்து படி வேண்டுமென்றால் பதினைந்து பெட்டி. மூன்று படியோடு நிறுத்திக்கொண்டேன். பின்வரிசையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், மேல் படியில் கனமான மரப்பாச்சி வேண்டாம்.

ஒரே பெட்டியை ஆறு தடவை செய்வது போல நல்ல பயிற்சி கிடையாது. முதல் பெட்டிக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. ஆறாவது இரண்டு மணி நேரம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வர மாட்டார்களா?

வந்தார்கள். மின்ரம்பத்தை விற்றுவிட்டுக் கைரம்பத்துக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். இழைப்பதும் அறுப்பதும் மிக்ஸி சத்தத்தைவிடக் குறைவு. உளியடிப்பதுதான் தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். மேசைக்கு அடியில் கெட்டி ரப்பர் பாய், பத்து மணிக்கு மேல் ஒரு மணிக்குள், அவ்வளவுதான். கீழ்வீட்டுப் பாட்டிக்குச் செய்துகொடுத்த மணைப்பலகையும் உதவியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மேலே என்ன பூசுவது?

உப்புத்தாள் 120, 180, 220 என்று ரேகையின் திசையிலேயே. பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, மெல்லிசாக நாலைந்து கை. அரை மணியில் காய்ந்துவிடும், தப்பினால் ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிடலாம். ஆளிவிதை எண்ணெய் இன்னும் அழகு. ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காய்கிற எண்ணெய் தானே சூடு கிளப்பும், குவியலாக இருந்தால் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

மரத்தூசி கெடுதலா?

ஆம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை முதல் பிரிவில், புகையிலையும் இருக்கிற அதே பிரிவில் வைத்திருக்கிறது. ஆயுசு முழுக்கத் தூசியில் நிற்கும் தொழிலாளிகளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்றாலும் உப்புத்தாள் போடும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். மாஸ்க் இல்லாமல் எம்.டி.எஃப். பலகையை (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) அறுக்கவே வேண்டாம்.

யாரிடமாவது நேரில் கற்றுக்கொள்ள முடியுமா?

மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசுடையது. மரவேலைப் பயிற்சி மையமும் உண்டு. மெஷின் பக்கம் சாய்வு அதிகம். கடைசல் வேலை பார்க்க வேண்டுமென்றால் மைசூர் ரோட்டில் 60 கி.மீ. தள்ளிச் சென்னப்பட்டணா. சுழலும் ஆலே மரத்தில், நம்மூர் வெட்பாலையில், அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் படியும். மேலே தாழை மடலால் ஒரு தேய்ப்பு, கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அரைநாள் நின்று பார்த்தாலும் அலுக்காது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், எங்கள் தெருவில் கதவு மாற்ற வந்த கிருஷ்ணகிரி ஆசாரி. டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தரையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலால் பலகையைப் பிடித்தபடி இழைப்பார். என் உளியை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அரை மணி நேரம் தீட்டித் திருப்பிக் கொடுத்தார்.

ஊரில் இடித்த வீட்டிலிருந்து தேக்குக் கதவு கிடைத்திருக்கிறது. அறுக்கலாமா?

அறுக்கலாம். ஐம்பது, நூறு வருஷம் காய்ந்த மரம் இனிமேல் பெரிதாக வளையாது. முதலில் காந்தத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஓர் ஆணி ரம்பத்தின் பல்லைக் கொண்டுபோய்விடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ரசாயனம் தடவி ஈரமாகவே சுரண்டி எடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பால்கனியில் செய்யாமல் வெளியே கொடுப்பது உத்தமம்.

என்னிடமும் தாத்தா வீட்டுக் கதவுப் பலகை ஒன்று நாலு வருஷமாக இருக்கிறது. இதுவரை ஆணி மட்டும் பிடுங்கியிருக்கிறேன், 31.